உதகையின் கதை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மைசூர் சுற்றுலாக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் எல்லாம் விரிவாக வந்திருந்தன. அங்கிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி. நீலகிரிக்காரர்கள் இத்தனை பேர் படிக்கிற இதழில் அந்த ஊர் இப்படிக் கடந்துபோனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நம் மாவட்டத்தின் வரலாறு என்று யாரைக் கேட்டாலும், 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்ததில்தான் ஆரம்பிப்பார்கள். உதகை 200 விழாவின்போதும் அதே பேச்சுதான். சரி, இந்த மலை கோவை கலெக்டரின் கைக்கு எப்படி வந்தது? 1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்ட கோவைச் சீமையோடு நீலகிரியும் போயிற்று. குன்னூர் பக்கம் பக்காசூரன் மலைமேல் இடிந்து கிடக்கும் கோட்டை திப்பு காலத்துக் காவல் இடம். வெலிங்டன் ராணுவ முகாம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளைய வெலிங்டன் பிரபு) முற்றுகையிட்ட கம்பெனிப் படையில் இருந்தவர். கோட்டை விழுந்த பிறகு அந்த ஊரின் பொறுப்பு அவரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும். காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடி, கிழக்கே சங்கமத்தில் மறுபடியும் ஒன்றுசேர்கிறது. 1610-இல் மைசூர் மன்னர் ராஜ உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து இதைப் பிடித்துத் தலைநகராக்கியதற்கு இந்த இயற்கை அகழியே போதுமான காரணம். 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெரும்படையோடு பக்கத்தில் அரகெரே வரை வந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. வண்டி மாடுகள் செத்து விழுந்தன, படைக்குச் சோறில்லை. கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே வந்து நின்றார். திப்பு பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டியதாயிற்று. திண்டுக்கல் சீமை கைமாறியது அப்போதுதான்.

1799-இல் கம்பெனிப் படைத்தலைவர் ஜெனரல் ஹாரிஸுக்கும் மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்ற அவசரம். வடமேற்கு மூலையில் மதில் உடைந்ததும், நல்ல உச்சி வெயிலில், ஒரு மணி சுமாருக்குப் படை ஆற்றில் இறங்கியது. கோடையில் அந்த மூலையில் போய் நின்று பாருங்கள். பாறைகள் வெளியே தெரிய, இடையிடையே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இதையா இத்தனை காலம் அகழியாக நம்பினார்கள் என்று தோன்றும். ஆடி வெள்ளத்தில் வந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அன்று படையை நடத்தியவர் டேவிட் பெயர்ட். 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் திப்புவின் தந்தை ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்டு, இதே ஊரில் நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையில் கிடந்தவர். அந்தப் பொள்ளிலூர்ப் போர்தான் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தின் மேற்குச் சுவரில் ஓவியமாக இருக்கிறது. வெடிமருந்து வண்டி தீப்பிடிக்க, ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருப்பார். அதே பெய்லியின் பெயரால் வழங்கும் நிலவறையும் கோட்டைக்குள் உண்டு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகளில் கைதிகளின் கைகளைக் கட்டுவதற்கான துளைகளை இன்றும் பார்க்கலாம். மேலேயிருந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்த பீரங்கி ஒன்று நடுவில் கிடக்கிறது. ஓவியம், நிலவறை, மதில் உடைந்த மூலை என்று இந்த வரிசையில் பிள்ளைகளை அழைத்துப் போனால், ஒரு போர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கிவிடும். அப்புறம் ரங்கநாதர் கோவில், 1787-இல் திப்பு கட்டிய மசூதி, ஹைதரும் திப்புவும் அடங்கிய கும்பஸ் என்ற கல்லறை மண்டபம் எல்லாம் பக்கம் பக்கம்தான்.

வென்ற கம்பெனியாலும் அந்த ஊரில் நிலைக்க முடியவில்லை. தீவின் காய்ச்சல் சிப்பாய்களை வாரிக்கொண்டு போனதால் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். பத்து வருடத்தில் நீலகிரியின் குளிர்காற்றை அவர்கள் அப்படிக் கொண்டாடியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நம் பள்ளிகள் ஒருநாள் சுற்றுலாவில் இந்த ஊரை விடுவதற்குச் சொல்லும் காரணம் நேரம். இரவு 9 மணிக்குப் பந்திப்பூர் சோதனைச் சாவடி மூடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் காலை 6 மணிக்குச் சாவடி திறந்ததும் வண்டி கிளம்பினால், நேராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய், மதியத்துக்குள் பார்த்துவிட்டு மைசூர் அரண்மனைக்குத் திரும்பிவிடலாம். தலைமையாசிரியர்கள் அருள்கூர்ந்து யோசிக்க வேண்டும். தங்கள் இதழும் கோடை விடுமுறைக்கு முன்பாக அந்த ஊரைப் பற்றி, நீலகிரியோடு அதற்குள்ள தொடர்பையும் சேர்த்து, முழுக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.