நெப்டியூன் ஏன் வெளுத்திருக்கிறது? அல்சூர் அடுப்படியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கிரகம், நிலவு என்று கேக் செய்து தருகிறோம் அல்லவா, போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னீர்கள். "நெப்டியூன் கேக் வெளுத்துப்போய் இருக்கு, நாங்க அனுப்பின போட்டோவில் நல்ல அடர் நீலமா இருந்ததே?" என்று. மூன்று முறையும் கையில் கிரீம், தோளில் போன். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் போட்டோ கொஞ்சம் பவுடர் பூசிய போட்டோ. 1989-ல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனைக் கடந்தபோது எடுத்த படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரியட்டும் என்று நிறத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அதுவே எங்கும் பரவிவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில், நெப்டியூனும் யுரேனஸும் ஏறக்குறைய ஒரே வெளிர் நிறம், பச்சை ஓடிய நீலம். நெப்டியூனில் நீலம் ஒரு சிட்டிகை கூட, அவ்வளவுதான். அந்த நீலம் சங்குப்பூவிலேயே வந்துவிடுகிறது. வெந்நீரில் பூவை ஊறவைத்து, வடிகட்டி, கிரீமில் கலக்கிறோம். மாவில் மட்டும் கலப்பதில்லை. சோடா உப்போடு சேர்ந்தால் சங்குப்பூ பச்சைக்குத் திரும்பி, கேக் பாசி பிடித்தது போல் ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு பட்டால் அதே பூ ஊதா. யுரேனஸ் கேக்கோடு ஒரு குட்டி பாட்டில் தருகிறோமே, அது இதற்குத்தான். மேலே இருக்கும் ஜெல்லியில் பிள்ளை நாலு சொட்டு விடட்டும். கறை படியும், நல்ல சட்டையில் வேண்டாம்.

சரி, அடர் நீலம்தான் வேண்டும் என்றால் கடையில் விற்கும் உணவு நிறம் போட்டுத் தருகிறோம். நாக்கும் பல்லும் நீலமாகும், பிறகு எங்களைச் சொல்லக்கூடாது.

உண்மையில் நான் எழுத நினைத்தது எங்கள் தவறைப் பற்றி. இந்த வருட ஆரம்பத்தில் ஒரு டிஎன்ஏ கேக் செய்தோம். உயரமான சாக்லேட் கேக், அதைச் சுற்றி ஏறும் இரட்டை இழை, நடுவில் படிக்கட்டு போல நாலு நிற மிட்டாய்கள். டிஎன்ஏ-வின் நாலு எழுத்துக்கு நாலு நிறம்; ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி, எல்லாம் சரிபார்த்து அடுக்கினேன். இழையை முறுக்கியது என் மாமியார். நாற்பது வருடமாகக் கைமுறுக்கு சுற்றும் கை, ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவு எம்மாத்திரம்! அரை மணியில் முடித்துவிட்டார். கேக்கைக் கொண்டுபோய் வைத்தேன். பிறந்தநாள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. கேக்கை ஒரு சுற்று சுற்றி வந்து, மெதுவாக, "ஆன்ட்டி, இது உல்டாவா சுத்துது" என்றாள்.

அவள் சொன்னது சரி. நம் உடம்பில் வழக்கமாக இருக்கும் டிஎன்ஏ வலஞ்சுழி. நிமிர்த்திப் பார்த்தால் முன்பக்கத்து இழை இடது கீழிருந்து வலது மேலே ஏற வேண்டும், வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்க்ரூவின் மரை போல. மாமியார் பழக்கத்தில் இடப்பக்கம் சுற்றிவிட்டார், நானும் கவனிக்கவில்லை. இடஞ்சுழி டிஎன்ஏ என்றும் ஒன்று உண்டு, ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் மேடையில் ஒரு பெரிய ஸ்க்ரூ நிற்கிறது. மாமியார் அதைப் பார்த்துத்தான் முறுக்குகிறார், முனகிக்கொண்டே.

அதனால்தான் இனி ஆர்டர் எடுக்கும்போது பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்கிறோம். பெரியவர்கள் "ஸ்பேஸ் கேக்" என்பார்கள். பிள்ளைகளுக்குத்தான் நிலவில் ஓடிய பிரக்யான் வண்டிக்கு ஆறு சக்கரம் என்று தெரியும். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3 இறங்கியது, அதுவும் நம் ஊரில் இருக்கும் இஸ்ரோவின் கண்காணிப்பு மையமான இஸ்ட்ராக்கிலிருந்து கவனித்து இறக்கியது, அதன்பின் வந்த ஆர்டர்களில் பாதி நிலவுதான். நிலவு மண்ணுக்கு மாரி பிஸ்கட் தூள், பால் பவுடர், வறுத்துப் பொடித்த கறுப்பு எள். எள் வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லுங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இஸ்ரோ சோதனைக்காகச் செய்த செயற்கை நிலவு மண்ணுக்குப் பாறை போனது நாமக்கல் பக்கத்திலிருந்து. இதை நாமக்கல்காரர் ஒருவரிடம் சொன்னபோது, கேக்கை வாங்காமல் அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு அப்பா, "சூரியனும் கிரகங்களும் சரியான அளவில்" கேட்டார். கணக்குப் போட்டோம். 22 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எங்கள் பெரிய வட்டக் கேக்கைச் சூரியன் என்று வைத்தால் பூமி 2 மில்லிமீட்டர், கொஞ்சம் பருத்த கடுகு. வியாழன் ஒரு சின்ன நெல்லிக்காய். கடுகை ஏறக்குறைய 24 மீட்டர் தள்ளி, நெப்டியூனை 700 மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். தெருமுனை டீக்கடை தாண்டிவிடும். கடைசியில் மஞ்சள் சூரியன் மேல் ஒரே ஒரு கடுகை ஒட்டிக் கொடுத்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தக் கடுகைப் பார்த்தார்களாம்.

எரிமலை கேக் பற்றி ஒன்று. உச்சிக்குழியில் சின்ன எவர்சில்வர் டம்ளர் புதைத்திருக்கும். சோடா உப்பு போட்டு எலுமிச்சைச் சாறு ஊற்றினால் பொங்கும். வழிவது உப்புக் கரிக்கும், அந்தப் பக்கத்தை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். புகை வேண்டும் என்று உலர் பனிக்கட்டி கேட்பவர்களுக்கு மட்டும் முடியாது என்றே சொல்கிறோம். அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி. 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் அதைத் தெரியாமல் வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பத்து பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நிற்கும் இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

ரெசிப்பி கேட்பவர்களுக்கு: தருகிறேன், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் சென்னையில் இருக்கும் அக்காவுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே, காற்றழுத்தம் குறைவு, வாயு அதிகமாக விரியும். திருச்சியில் நன்றாக வந்த அம்மாவின் அளவு இங்கே ஓவனில் உப்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்தது. நான்கு கேக் வீணான பிறகுதான் பேக்கிங் பவுடரைக் குறைக்கத் தோன்றியது. என் அளவு அங்கே கல்லாகிவிடும்.

ஐந்து நாள் முன்பே சொல்லச் சொல்வது பிகு இல்லை. கோளக் கேக் இரண்டு அரைக்கோளமாக வெந்து, ஆறி, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இறுகினால்தான் ஒட்டும். சனியின் வளையம் காய இரண்டு நாள், மழைக்காலத்தில் மூன்று. வளையத்தைத் தனி டப்பாவில் தருவதும் இதே கவலையால்தான். பழைய மெட்ராஸ் ரோடு ஹம்ப்களில் ஆட்டோ எகிறும்போது எந்த வளையமும் தாங்காது. வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் போட்டோ எடுங்கள்.

பகலில் போன் எடுக்காவிட்டால் கோபிக்க வேண்டாம், கை மாவில் இருக்கும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி விடுங்கள். பிள்ளையின் குரலில் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
அல்சூர் அடுப்படியிலிருந்து நானும் மாமியாரும்