தாராவின் கதையும் நீ சொல்லாமல் விட்டதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நீ போனில் கதை சொன்ன அந்தப் பழைய பிரேசில் தொடர், ‘எஷ்ப்ளோஜி கொரசாவ்’, என் மனதை விட்டுப் போகவில்லை. அதில் வரும் தாரா, ஜிப்சிகள் என்று சொல்வார்களே, அந்த ரோமா இனத்து வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே இகோருக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். அவளோ வீட்டுக்குத் தெரியாமல் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள், இன்டர்நெட்டில் அறிமுகமான ஜூலியோவிடம் மனதைக் கொடுக்கிறாள். தொடர் வந்தது 1995-ல். அந்த ஊரிலும் இன்டர்நெட் அப்போதுதான் ஜனங்கள் கைக்கு வந்திருந்தது.

அவளைப் பெற்றவர்களைக் கொடுமைக்காரர்கள் என்றாய். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 1574-லேயே போர்த்துகலிலிருந்து ரோமா மனிதர் ஒருவரைப் பிரேசிலுக்கு நாடு கடத்தினார்கள். அப்புறம் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றினார்கள், அவர்கள் பாஷையைப் பேசக்கூடத் தடை போட்டார்கள். ருமேனியா பக்கம் 1856 வரை அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். ஹிட்லர் காலத்துச் சாவுகள் தனி. இவ்வளவையும் தாண்டி வந்தவர்கள் வெளியாளுக்குப் பெண் கொடுக்கப் பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? பெண் போனால் பேரப்பிள்ளைகளும் போய்விடுவார்கள் என்ற பயம் அது.

அவர்கள் வழக்கங்களில் சில எனக்குப் புதிதே இல்லை. இடுப்புக்குக் கீழே உடுத்தும் பாவாடையையும் மேல்சட்டையையும் ஒன்றாகத் துவைக்கமாட்டார்களாம். உன் பாட்டி தீட்டுத் துணிக்கென்று கொல்லையில் தனிக் கொடி கட்டியிருந்தாளே! ரோமாக்களில் கல்டெராஷ் என்ற பிரிவில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கேட்கட்டும். ஆனால் முதலிரவுத் துணியைக் காட்டிப் பெண்ணின் கற்பை நிரூபிக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறதே, அதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். எந்த வரலாறும் அதை நியாயமாக்காது.

தாரா படிப்பதைக்கூட மறைக்க வேண்டியிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. காதலை மறைத்தாள், சரி, பயம். பாடப்புத்தகத்தையுமா? பெற்ற தாய் பக்கத்திலேயே இருந்தும் அவளிடம் சொல்ல முடியவில்லையே.

கொஞ்ச நாளாக நீயும் ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டு, “ஒன்றுமில்லைம்மா” என்று பேச்சை மாற்றுகிறாய். இந்தக் கதையை அத்தனை விவரமாக எனக்குச் சொன்னதும் சும்மா இல்லை என்று நினைக்கிறேன். பையன் எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்பதை நான் முதல் கேள்வியாகக் கேட்கப்போவதில்லை. உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாரா, உன் படிப்பையும் வேலையையும் மதிக்கிறாரா, அதைத்தான் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. அந்தப் பையன் பெயரைச் சொல், ஒரு போட்டோவும் அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா