இரும்புக்கு ஜாதகம்

டிட்ராய்ட், மிச்சிகன்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கையுறைக்குள்ளேயே விரல் விறைத்துப்போகிற குளிர்தான். ஆனால் ஷெட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"அங்கே அப்படி என்னதான்டா வேலை பார்க்கிறே?" என்று போனில் கேட்டீர்கள். சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பழைய ட்ரக், பிக்கப் ஆக்சில்களைக் கழற்றித் துடைத்து, எது எப்போது பிறந்தது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் என் வேலை. இரும்புக்கு ஜாதகம் கணிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். பழைய வண்டியை ஃபாக்டரியிலிருந்து வந்தபடியே மறுபடி நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறைய. கூடவே பிறந்த ஆக்சிலுக்கு அவர்களிடம் ஒரு விலை, வேறு வண்டியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதற்கு வேறு விலை.

பாதி நாள் துரு எடுப்பதிலேயே போகிறது. பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். இந்த ஊருக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது, கேட்கவா வேண்டும்! வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் அது அரித்துவிடும். கிரைண்டரை வைத்தால் துருவோடு இரும்பில் இருக்கும் தேதி எழுத்தும் போய்விடும் என்பதால் வயர் பிரஷ்தான். பள்ளமான எழுத்தென்றால் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு மேலாகத் துடைக்க வேண்டும், வெள்ளை பள்ளத்தில் தங்கிவிடும். மேடான எழுத்தென்றால் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பேன். லைட்டை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து எழுந்து நிற்கும்.

மேடும் பள்ளமும் ஒன்றல்ல. மேடாக இருப்பது வார்ப்பிலேயே வந்தது, அதாவது இரும்பை ஊற்றிய நாள். பள்ளமாக இருப்பது பின்னால் அடித்தது, பெரும்பாலும் ஆக்சிலைப் பூட்டிய நாள். வார்ப்பு முதலில், பூட்டியது அடுத்து, வண்டி கடைசியில். இந்த வரிசை தப்பினால் எங்கோ ஒரு சாமான் மாறியிருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்பில் மாதத்துக்கு ஒரு எழுத்து. ஏ ஜனவரி, எல் டிசம்பர். அதன்பிறகு நாள், கடைசியில் வருடம். ஃபோர்டுக்காரர்கள் வருடத்தை முன்னால் போடுகிறார்கள், 'ஐ' எழுத்து ஒன்று மாதிரியே இருக்கும் என்று அதை விட்டுவிட்டார்கள். அதனால் ஜே என்றால் ஜெனரல் மோட்டார்ஸில் அக்டோபர், ஃபோர்டில் செப்டம்பர். இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற எனக்கு இரண்டு வாரம் ஆனது. வருடத்துக்கும் பழைய வார்ப்புகளில் ஒரே இலக்கம்தான். 7 என்றால் 1967-ஆ 1977-ஆ? ஃபோர்டு பார்ட் நம்பரில் முதல் எழுத்து உதவும்: சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். ஆனால் அது டிசைன் போட்ட வருடம். 1968-இல் போட்ட டிசைனை 1971-இலும் வார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை மட்டும் நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

நானும் மாட்டிக்கொண்டேன், ஆனால் இதில் இல்லை. டேனா கம்பெனி ஆக்சில்களில் ஹவுசிங் குழாய், அதாவது வெளிக்கூடு, அதன் மேலேயே தேதியைக் குத்தியிருப்பார்கள். கூடவே ஷிஃப்ட், லைன் எல்லாம் இருக்கும், ஜாதகத்தில் நேரம் குறித்த மாதிரி. போன மாதம் வந்த ஒரு பிக்கப்பின் கதவுத் தூணில் ஒட்டியிருந்த லேபிளில் 1977 ஜூன் மாதம் செய்தது என்று இருந்தது. ஆக்சிலில் 5 11 77. நான் பேப்பர் பேனா எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு, "வண்டி ஜூனில் வந்திருக்கிறது, ஆக்சில் நவம்பரில் பிறந்திருக்கிறது, இது மாற்றியது" என்று எழுதி, மாற்றுச் சாமான் வரிசையிலேயே தூக்கிப் போட்டுவிட்டேன். ஃபோர்மேன் கிழவர் வந்து சீட்டைப் படித்தார், ஆக்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரில் மே மாதத்தைத் திருப்பி 11-ஆம் தேதி மேல் விரலை வைத்தார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊரில் மாதம்தான் முதலில், நாள் அப்புறம். கடையிலும் பேங்கிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், நானே அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன். இரும்பைப் பார்த்ததும் மட்டும் பழைய புத்தி வந்துவிட்டது. நல்லவேளை, விற்பதற்குள் பிடித்துவிட்டார்.

ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கர ஜோடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? 41-க்கு 11 பல் என்றால் ரேஷியோ 3.73 என்று நீங்கள் விரல் விடாமலே சொல்வீர்கள். இங்கேயும் இரண்டிலும் ஒரே ஜோடி நம்பர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று நீங்கள் கஸ்டமரிடம் சண்டை போடுவீர்களே, அதே சண்டை இங்கே இங்கிலீஷில் நடக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். போன கடிதத்தில் டிக்கெட் தேதியை 6-3 என்று எழுதியிருந்தேன். பிக்கப் விஷயம் நடந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அது மார்ச் 6 இல்லை அப்பா, ஜூன் 3. அம்மா இதற்குள் எல்லாரிடமும் மார்ச் என்று சொல்லியிருப்பாள். நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

அன்புடன்,
உங்கள் மகன்