மொழிபெயர்த்தவன் தலையிலா அந்தப் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஒரே ஒரு ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் தப்பாகச் சொன்னதால்தான் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஜப்பானிய ஆவணங்களை ஆங்கிலமாக்குவதே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வரி நெஞ்சில் தைத்தது.

அந்தச் சொல் ‘மொகுசத்சு’. சரணடையச் சொன்ன நேச நாடுகளின் அறிவிப்பைப் பற்றி ஜப்பானியப் பிரதமர் சுசுகி கன்தரோ 1945 ஜூலை 28 அன்று நிருபர்களிடம் சொன்னது. ‘மொகு’ மௌனம், ‘சத்சு’ கொலை. மதிக்காமல் ஒதுக்கித் தள்ளுவது என்று பொருள். ‘இக்னோர்’ என்று ஆங்கிலத்தில் போனதில் பெரிய பிழை கிடையாது. ஏறக்குறைய ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானிலை இடம்கொடுத்ததும் குண்டைப் போடலாம் என்ற அமெரிக்க உத்தரவோ ஜூலை 25-லேயே கையெழுத்தாகிவிட்டது. தங்களுக்குத் தெரியாத தேதியல்ல. மூன்று நாள் கழித்துப் பேசியதை மொழிபெயர்த்தவன் தலையில் அந்தப் பாவத்தை ஏற்றலாமா?

எங்கள் காலை வாரிவிடுவது அகராதியில் சுலபமாகக் கிடைக்கும் சொற்கள்தான். விலை பேசும்போது வரும் ‘கென்தோ ஷிமசு’வை ‘வீ வில் கன்சிடர் இட்’ என்று எழுதினால், அமெரிக்கர் அடுத்த வாரமே பதிலை எதிர்பார்ப்பார். பல நேரம் அது நம் அலுவலகங்களில் சொல்லும் ‘பார்க்கலாம்’தான். கூடவே தேதியோ பொறுப்பாளர் பெயரோ வராவிட்டால், ‘வீ கான்ட் ப்ராமிஸ் எனிதிங்’ என்பதையும் சேர்த்தால்தான் தொனி போய்ச் சேரும்.

தங்கள் மொழிப் பகுதியில் ‘ஒத்சுகரெசம’வுக்கு ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்று போட்டிருந்தீர்கள். வேலை முடிந்து கிளம்புகிறவர் சொன்னால் அது ‘சீ யூ டுமாரோ’. அலுவலக மின்னஞ்சலின் முதல் வரியில் வந்தால் ‘ஹாய்’ போதும். ‘கொவஷிதெ ஷிமத்த’ என்பதை ‘ஐ ப்ரோக் இட்’ என்று மொட்டையாக முடித்ததும் வருத்தம் தந்தது. ‘உடைத்துத் தொலைத்துவிட்டேன்’ என்று சொல்லத் தெரிந்த நமக்கு அந்தப் பதைப்பு கேட்க வேண்டாமா? ‘ஐம் அஃப்ரெய்ட் ஐ ப்ரோக் இட்’ என்றால் கொஞ்சமாவது ஒட்டும்.

இன்னொன்று. ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. இரண்டையும் ‘ஒபாசன்’ என்றே அச்சிட்டீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். குறிலையும் நெடிலையும் பிரித்து எழுதும் தமிழில் இது வரவே கூடாத பிழை.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது அந்த ஜூலை 25-ஐ வெளியிடுங்கள். அத்தையையும் பாட்டியையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்