நின்றுபோன தவணைக்குக் காரணம் சொல்லுங்கள்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும்,

வணக்கம்.

மத்திய அரசின் பிஎம் கிசான் உழவர் உதவித்தொகைத் திட்டத்தில் உழவருக்கு வருவது ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. ஒரு ஏக்கர் நடவுக் கூலிக்கே அது காணாது. ஆனாலும் உரம் வாங்கும் நேரத்தில் அந்த 2,000 ரூபாயை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பணம் திடீரென்று நின்றால், ஏன் நின்றது என்று சொல்ல ஆளில்லை. விஏஓ வேளாண்மை அலுவலகத்தைக் கைகாட்டுகிறார். அங்கே போனால் வங்கிக்குப் போகச் சொல்கிறார்கள். வங்கி இ-சேவை மையத்துக்கு அனுப்புகிறது.

இணையத்தில் பயனாளியின் நிலையைப் பார்த்தால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று சிக்கியிருக்கும்: இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்–வங்கி இணைப்பு, நில விவரப் பதிவு. முதலாவது எளிது. ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு, செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி 2023லேயே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல், விரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

வங்கி விஷயத்தில் குழப்பம் அதிகம். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தார்களோ அங்கேதான் போகும். கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கில் வரவு இல்லை என்று கவலைப்படுபவரின் பணம், நூறுநாள் வேலைக்காகத் திறந்த வேறொரு கணக்கில் கிடக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

நிலப்பதிவுதான் பெரிய முடிச்சு. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு உழுவார்கள். பெயர் மாற்ற இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். பங்கைத் தனியாகப் பிரிக்க நில அளவர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும். ஒரு வாரிசு திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருந்து கையெழுத்துக்கு வராவிட்டால் எல்லாருக்கும் நிற்கிறது. கூட்டுப் பட்டாவில் யாருக்கு எவ்வளவு என்ற பங்கும் இருப்பதில்லை. பட்டாவில் தந்தை பெயரோடு முழுப்பெயர், ஆதாரில் வெறும் இனிஷியல் என்றால் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கணினி தள்ளிவிடுகிறது.

இன்னொன்று. பணம் பெற, 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் உழவர் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் கைமாறியதில், இறப்பால் வந்த வாரிசுரிமைக்கு மட்டுமே விலக்கு. இது தெரியாமல், உயிரோடிருக்கும் அப்பா மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து இருவரும் பணத்தை இழக்கிறார்கள். வாரிசுகளின் மனுவில் பட்டா மாறிய தேதியை மட்டும் பார்க்காதீர்கள். இறப்புத் தேதியையும் பாருங்கள்.

2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது. அதற்குப் பின் சரிபார்ப்பு இறுகியது நியாயமே. ஆனால் அந்த மோசடிக்குத் துணைபோனது அலுவலகங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்கள். அதற்கான சுமையை உண்மையான உழவர் தலையில் ஏற்றக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முன்பு, நிறுத்தப்பட்டவர்களின் பெயரையும் காரணத்தையும் ஆதார் எண் இல்லாமல் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டுங்கள். விஏஓ, நில அளவர், உதவி வேளாண்மை அலுவலர், வங்கி ஊழியர் நால்வரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரட்டும். மனுவுக்குத் தேதியிட்ட ரசீது கொடுங்கள். திருத்தம் முடிந்தபின் விடுபட்ட தவணைகள் சேருமா என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதுங்கள்.

குத்தகைதாரர் இத்திட்டத்தில் வரவே மாட்டார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுபவர்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஒடிசா ‘காலியா’ என்ற தன் உழவர் உதவித் திட்டத்திலும், ஆந்திரம் அதுபோன்ற ‘ரைத்து பரோசா’விலும் நிலமில்லாத சாகுபடியாளர்களைச் சேர்த்தன. நம்மிடம் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு இருக்கிறது. விடுபட்டவர்களை அதில் பதிந்து, அதை வைத்து மாநில நிதியிலிருந்து அதே 6,000 ரூபாயைக் கொடுக்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டா, தவணை மனுக்களில் உழவர்களுக்கு உதவிவரும் தன்னார்வலர்கள்