‘வயசாச்சு’ என்று விட்ட இரண்டு வருஷம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் (மறதி நோய்) தினத்தையொட்டி வந்த கட்டுரையைப் படித்தேன். வயசுக்கு வரும் மறதி எது, நோய் எது என்பதில்தான் வீட்டில் இருப்பவர்கள் தடுமாறுகிறார்கள். நாங்களும் இரண்டு வருஷம் தடுமாறினோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. நாக்கு நுனியில் நிற்கும் பெயர் ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வருவது எனக்கும் நடக்கிறது. அம்மாவுக்கு நடந்தது வேறு. காலையில் பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் "பால் பாக்கி கொடுக்கலையே" என்பார். "கொடுத்தியேம்மா" என்று எடுத்துச் சொன்னாலும், அப்படி ஒன்று நடந்ததாகவே அவருக்குத் தெரியாது. 40 வருஷமாக வைத்த வத்தக்குழம்புதான். ஒருநாள் புளியைக் கரைத்துக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் புகைந்து கருகும்வரை அடுப்பையே பார்த்தபடி நின்றார். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்புறம் அந்த வளையல். காணவில்லை என்றதும், 12 வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவைத் திருடி என்று சொல்லிவிட்டார். அவர் அழுதுகொண்டே போனார். நாலாம் நாள் வளையல் அரிசி டிரம்மில் கிடைத்தது. வைத்த இடம் மறந்து பிறர்மேல் பழி போடுவதும் இந்த நோயில் வரும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. ‘வயசாச்சு, விடு’ என்றோம்.

முதலில் போன மருத்துவமனையில் அம்மாவிடம் மட்டும்தான் கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தார். சத்து மாத்திரையோடு திரும்பினோம். கூட இருப்பவரிடம் கேட்காமல் இந்த நோய் எளிதில் பிடிபடாது. பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர், கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொன்னார். எண்கள் எல்லாம் வலப்பக்கமே குவிந்து கிடந்தன, முள்ளே இல்லை. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. எத்தனையோ பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்.

அப்போதும் மருத்துவர் அவசரப்பட்டு அல்சைமர் என்று சொல்லவில்லை. வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை, மூளை ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகே சொன்னார். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் பி12 ஊசியிலேயே தெளிந்துவிட்டார். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால், அது கிருமித் தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம், உடனே ஓட வேண்டும்.

அம்மாவின் மாத்திரை நோயைக் குணமாக்காது, கொஞ்ச காலம் சமாளிக்க உதவுகிறது. அந்த இரண்டு வருஷம் முன்பே தெரிந்திருந்தால், வங்கிக் கணக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் என்ன செய்யலாம் என்று அம்மாவிடமே கேட்டு முடிவெடுத்திருப்போம். இன்று கேட்டால் அவருக்குப் புரியவில்லை.

அரசு மருத்துவமனைகளில் இதற்கு எந்தப் பிரிவுக்கு, எந்தக் கிழமையில் போக வேண்டும் என்பதை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

— ஒரு வாசகி, கும்பகோணம்