ஆறு சென்ட் அங்குவில்லா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'அதிர்ஷ்டம் அடித்த குட்டித் தீவு' கட்டுரை படித்தேன். '.ஏஐ' என்று முடியும் இணைய முகவரிகளை விற்று கரீபியன் தீவான அங்குவில்லா 2023-இல் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர் சம்பாதித்தது, அரசின் வருமானத்தில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு சரி. 'அதிர்ஷ்டம்' என்ற சொல்தான் உறுத்தியது.

நான் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே தபால் பிரிவில் 38 வருடம் கடிதம் பிரித்தவன். அந்த வேலைக்குப் போவதற்கு முன்பே ஸ்டாம்பு பைத்தியம் உண்டு. 1974-இல், எட்டாவது படிக்கும்போது, மூர் மார்க்கெட்டில் வாங்கிய கலப்புப் பொட்டலத்தில் ஓர் ஆறு சென்ட் அங்குவில்லா ஸ்டாம்பு இருந்தது. படத்தில் அந்த ஊர்த் தபால் நிலையம். தலைநகரத்தின் பெயரே 'வேலி'தான், ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு. பூகோள வாத்தியாரிடம் கேட்டேன். "அப்படி ஒரு நாடு கிடையாதுடா" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தீவின் பெயர் வெகுகாலம் அதன் ஸ்டாம்பிலேயே கிடையாது. பிரிட்டனின் கீழ் ஆட்சி செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து நடந்ததால், 'செயின்ட் கிட்ஸ் - நெவிஸ்' என்று அச்சான ஸ்டாம்பைத்தான் அங்குவில்லாக்காரர்களும் ஒட்டினார்கள். ஆங்கிலேயர் குடியேறி 300 ஆண்டு ஆனதற்காக 1950-இல் அதன் மேலேயே 'அங்குவில்லா' என்று ஓவர்பிரிண்ட் அடித்தார்கள். 1952-இலிருந்து மூன்றாவது பெயராகக் கடைசியில் ஒட்டிக்கொண்டது.

வறண்ட சுண்ணாம்புக்கல் பூமி. 16 மைல் நீளம், அகலம் அதிகபட்சம் மூன்று மைல். விலாங்கு மீன் மாதிரி நீண்டு கிடப்பதால்தான் அந்தப் பெயர். கரும்பு சரியாக வரவில்லை, அதனால் பெரிய பண்ணைகளும் நிலைக்கவில்லை. சனங்கள் உப்பு எடுத்தார்கள், படகு கட்டினார்கள். கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் பாய்மரப் படகிலேயே சான்டோ டொமிங்கோ போனார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும்போது யார் படகு முந்துகிறது என்று பந்தயம் கட்டுவார்களாம். படகுப் பந்தயம்தான் இன்றைக்கும் அவர்களுடைய தேசிய விளையாட்டு. இப்படிப்பட்டவர்கள், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் தராமல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு ஆளும் அரசுக்கு எத்தனை நாள் தலையாட்டுவார்கள்?

1967 மே 30 அன்று செயின்ட் கிட்ஸ் போலீஸ்காரர்களை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் வாக்கெடுப்பு: பிரிய வேண்டும் என்று 1,813 பேர், வேண்டாம் என்று 5 பேர். செப்டம்பரில் பழைய ஸ்டாம்புகளின் மேல் 'சுதந்திர அங்குவில்லா' என்று ஆங்கிலத்தில் அடித்து விற்றார்கள். அதற்குப் பின் வந்த சொந்த வரிசையில்தான் என்னுடைய ஆறு சென்ட். அதே வரிசையில் நாலு சென்டுக்கு வேலி போலீஸ் ஸ்டேஷன் படம்! போலீஸைத் துரத்திவிட்டுக் கட்டடத்தை ஸ்டாம்பில் போட்டிருக்கிறார்கள்.

அந்த 'சுதந்திர' ஓவர்பிரிண்ட் ஒன்றை வாங்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஓய்வு பெற்ற வருடம் ஒரு வியாபாரியிடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஓவர்பிரிண்ட் மை தபால் முத்திரைக்கு மேலே படிந்திருக்கிறது. அச்சடித்து, விற்று, ஒட்டி, அதற்கப்புறம்தானே முத்திரை விழும்? பழைய, முத்திரை விழுந்த ஸ்டாம்பில் யாரோ புதிதாக அடித்த போலி. லட்சக்கணக்கான கடிதத்தில் முத்திரை பார்த்த என் கண்ணே ஏமாந்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் பிரசுரித்தால் தெரிந்துவிடும்.

1969 மார்ச் 19 விடிகாலையில் பிரிட்டன் முந்நூறுக்கும் மேற்பட்ட பாராசூட் வீரர்களை அங்கே இறக்கியது. கூடவே லண்டன் போலீஸ். கரையில் பளிச்சென்று வெளிச்சம். பத்திரிகைக்காரர்களின் கேமரா ஃபிளாஷ். துப்பாக்கிச் சண்டை எதுவும் நடக்கவில்லை. வந்தது பிரிட்டிஷ் படையாக இருந்தாலும், தீவை மறுபடி செயின்ட் கிட்ஸோடு கட்டிப்போட முடியவில்லை. 1980 டிசம்பர் 19 அன்று சட்டப்படி தனியானது, பிரிட்டனின் கீழேயே.

நாடுகளுக்கும் தனி ஆட்சிப் பகுதிகளுக்கும்தான் இரண்டெழுத்துக் குறியீடு ஒதுக்குகிறார்கள். பழையபடி மூன்றாவது பெயராகவே இருந்திருந்தால் 1995-இல் அந்த '.ஏஐ' இவர்கள் கைக்கு வந்திருக்காது. செயற்கை நுண்ணறிவுக்கும் அதே இரண்டெழுத்து அமைந்ததை வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கட்டுரையோடு போட்ட படத்தில் மேகம் தொடும் பச்சை மலை தெரிகிறது. அது வேறு ஏதோ தீவு. அங்குவில்லாவில் ஆக உயரமான இடமே எங்கள் ஊர் ராஜகோபுரம் அளவுதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
ஸ்ரீரங்கம்.